அக்கா பெயர் கேட்ட ரோஜா

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலருக்கு அக்காவின் கடைசி ஆண்டுகளைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த ஆண்டுகளில் நீங்கள்தான் அவர் வீட்டுக்குப் போய் வந்தீர்கள். நான் போகவில்லை. ஆகவே உங்களுக்குத் தெரிந்ததைச் சுருக்கமாகவும் தெரியாததைச் சற்று விரிவாகவும் எழுதுகிறேன்.

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் தென்னையும் பூந்தோட்டமுமாக இருக்கும் ஊரில் அக்கா பிறந்தார். நான் அவருக்குப் பதினோரு வயது இளையவள். அம்மா இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கையானபோது, அக்கா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டார். விடியுமுன் மல்லிகை பறிக்கப் போவார். திரும்பி வந்து அம்மாவுக்கு ஊட்டுவார். எனக்குப் பள்ளி வயது வந்ததும் தலை பின்னி அனுப்புவார். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டார். மகனுக்கு நான்கு வயதாகும்போது அத்தான் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அழுதுகொண்டு உட்கார அக்காவுக்கு நேரம் இருக்கவில்லை. காரியம் முடிந்த மறுவாரமே பூக்கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

நான் கல்லூரியில் தாவரவியல் சேர்ந்தபோது, செடியைப் பற்றிப் படிக்கக் காலேஜ் எதற்கு என்று ஊரில் சிலர் சிரித்தார்கள். அக்கா அவர்களிடம், "எங்களுக்குப் பறிக்க மட்டுந்தான் தெரியும். அவளாவது என்ன ஏதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வரட்டுமே" என்றார். இன்று புதுக்கோட்டையில் மேல்நிலை வகுப்புகளுக்கு நான் தாவரவியல் நடத்துகிறேன் என்றால் அந்தச் சொல்தான் காரணம்.

அப்பாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவரும் அக்காதான். அப்பா இறந்தது பொதுத்தேர்வு நடந்த நாட்களில். மூன்று நாள் முடியாமல் கிடந்திருக்கிறார். எனக்குத் தகவல் வந்தது எல்லாம் முடிந்த பிறகு. நான் போய் இறங்கியபோது அப்பாவைக் குளிப்பாட்டி மாலை போட்டிருந்தார்கள்.

"நீ பரீட்சை வேலையில இருப்ப. பதறிப்போயிருவன்னுதான் பாப்பா சொல்லல" என்றார் அக்கா.

நான் சண்டை போடவில்லை. கருமாதி முடிந்ததும் போவதை நிறுத்திக்கொண்டேன். பொங்கலுக்குக் கூப்பிட்டால் சிறப்பு வகுப்பு, ஊர்த் திருவிழாவுக்குக் கூப்பிட்டால் விடைத்தாள் திருத்தம். அக்கா ஒவ்வொரு முறையும் "சரி பாப்பா, ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். இப்படி ஆறு ஆண்டுகள் போயின.

ஒரு ஐப்பசியில் என் கைபேசிக்கு அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய அவர் மகன் வாங்கிக் கொடுத்த போனில் எடுத்திருந்தார். சின்ன ரோஜா ஒன்று. வெளிர் சிவப்பு, ஓரத்தில் வெளுப்பு, பக்கத்தில் அளவுக்காக ஒரு தீப்பெட்டி. கூடவே குரலும் அனுப்பியிருந்தார். "பாப்பா, நம்ம கொல்லையில இது இருக்கு. யாரும் நடல. புயல்ல தென்னை சாஞ்ச எடத்துல தானா பூக்க ஆரம்பிச்சுச்சு. என்ன ரோசுன்னு பாத்துச் சொல்லு. நர்சரியில பட்டன் ரோசுங்குறாங்க. அது இப்படி இருக்காது."

கேட்டேன். பதில் போடவில்லை. ஆறு வருடம் கழித்துப் பூவைக் காட்டிச் சமாதானம் பேசுகிறார் என்று நினைத்தேன். அந்தப் பூ என்னவென்று எனக்குத் தெரியவில்லை என்பதும் உண்மை.

கார்த்திகையில் இலையின் மேற்பக்கம் வந்தது, பிறகு அடிப்பக்கம். மார்கழியில் முள். தையில் மொட்டு, பூ உதிர்ந்தபின் நிற்கும் காய். தீப்பெட்டிக்குப் பதிலாக மகனின் பழைய ஸ்கேலை வைத்து, கோடுகள் தெரியும்படி எடுத்திருந்தார். என் மாணவிகள் பலர் செய்முறைத் தேர்வில்கூட அவ்வளவு ஒழுங்காகக் காட்டுவதில்லை. பதினோரு படங்கள். ஒன்றுக்கும் நான் பதில் எழுதவில்லை.

சித்திரையில் அக்கா மகன் பேசினார். "சித்தி, அம்மாவுக்கு ரெண்டு சிறுநீரகமும் போச்சுங்குறாங்க. தஞ்சாவூர்ல சேத்துருக்கோம். நீங்க வந்துட்டுப் போங்க."

போனேன். கட்டிலில் அக்கா பாதியாகக் கிடந்தார். கை மட்டும் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"வா பாப்பா. லீவு குடுத்துட்டாங்களா? ஆறு வருசமா ஒன்னைய இந்தப் பாடு படுத்துறாங்களே."

நான் தலையை ஆட்டினேன்.

"அந்த ரோசு போட்டோவுல சரியாத் தெரியலன்னுதான நீ பதில் போடல? எனக்கும் தெரிஞ்சுச்சு. அதான் எலை, முள்ளுன்னு ஒண்ணொண்ணா எடுத்து அனுப்புனேன்."

"ஆமாக்கா. சரியாத் தெரியல" என்றேன்.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போய்க் கொல்லையில் அந்தச் செடியின் முன் உட்கார்ந்தேன். முழங்கால் உயரம்தான். புயலுக்குப் பிறகு நட்ட தென்னம்பிள்ளைகள் வளர்ந்து அதன் மேல் நிழல் விழுந்திருந்தது. லென்ஸ் வைத்து இலைக்காம்பையும் அடித்தண்டையும் பார்த்தேன். நர்சரிச் செடிகளில் இருக்கும் ஒட்டுக்கட்டிய தழும்பு இல்லை. நட்டவர்கள் உண்டா என்று அக்கம்பக்கத்தில் கேட்டேன், யாரும் இல்லை. பறவை எச்சத்தில் விழுந்த விதை முளைத்து, தென்னை நிழலில் பூக்காமல் பல காலம் கிடந்து, வெயில் விழுந்ததும் பூத்திருக்க வேண்டும். ரோஜா வளர்க்கும் என் பழைய பேராசிரியருக்குப் படங்களை அனுப்பினேன். "விதையில வந்ததுன்னா தாய்ச்செடி மாதிரி இருக்காதும்மா. எந்தப் பட்டியல்லயும் பேரு கிடைக்காது" என்றார்.

இதை முடிவு செய்ய எனக்கு நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் போய், அதற்குப் பெயர் இல்லை என்று அக்காவிடம் சொன்னேன். அவர் கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பேரு கெடக்கட்டும் பாப்பா. அதுக்கு வெயிலு வேணுமா, நெழலு வேணுமா? தென்னம்பிள்ளை வளந்ததுலேருந்து பூவு கொறஞ்சு போச்சு. பேரு தெரிஞ்சா அதக் கேட்டுக்கலாம்னுதான் கேட்டேன்."

"வெயிலு வேணும்க்கா."

"அப்பக் கெணத்தடிக்கு மாத்திருங்க."

எந்த ரோஜாவுக்கும் வெயில் வேண்டும். முதல் படம் வந்த அன்றே இந்த ஒரு வரியை நான் எழுதியிருக்கலாம். அப்போது மழைக்காலம், மாற்றி நட்டால் பிழைத்திருக்கும். சித்திரை வெயிலில் ரோஜாவைப் பெயர்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஐப்பசிவரை பொறுக்கலாம் என்று அந்தக் கட்டிலருகே நின்று சொல்ல என்னால் முடியவில்லை. நானும் அக்கா மகனும் வேர்மண் உடையாமல் எடுத்துக் கிணற்றடியில் வைத்தோம். சாக்கால் மறைப்புக் கட்டினோம். மூன்றாம் நாள் இலை சுருண்டது. ஆறாம் நாள் அக்கா போய்விட்டார். செடி அதற்குப் பின் இரண்டு வாரம் நின்று காய்ந்தது. வெட்டி ஊன்றிய குச்சிகளில் ஒன்றும் துளிர்க்கவில்லை. அந்த ரோஜா இப்போது எங்கும் இல்லை.

அக்காவுக்கு டயாலிசிஸ் நடந்த நாட்களில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இரண்டு வாரம் ஆட்டையும் மாட்டையும் தன் வீட்டுப் பொறுப்பாக எடுத்துக்கொண்ட பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், அக்காவின் இறுதிப் பயணத்துக்குக் கூடைகூடையாக உதிரிப்பூ கொண்டுவந்து கொட்டிய பூப்பறிக்கும் பெண்களுக்கும், தாயை ஒரு நாளும் தனியே விடாத அக்கா மகனுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதற்கு என்று கேட்டிருப்பார். ஆறு ஆண்டுகள் அவரிடம் நான் கோபமாக இருந்தேன் என்பதே அவருக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் எனக்கு விடுப்புக் கொடுப்பதில்லை என்றே நம்பிக்கொண்டிருந்தார். சாகக் கிடந்தவரிடம் அதை எடுத்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு வேலை ஒன்றும் இருக்கவில்லை. படங்களும் தெளிவாகத்தான் இருந்தன.