விதானையாருக்குத் தெய்வம் வந்த நண்பகல்

போன மாதத்திலிருந்து எனக்கு ஒரு சின்ன வெள்ளைக் குளிசை தந்திருக்கிறார்கள். சலம் போவதைக் கூட்டி, உடம்பில் தேங்கும் நீரை இறக்கிவிடுமாம். கிளினிக்கில் இருந்த டொக்டருக்கு என் பேத்தியின் வயதுதான் இருக்கும். இதனால் வேறு என்னென்ன வரும் என்று நான் விடாமல் கேட்க, அவர் சலிக்காமல் சொன்னார். நா வறளலாம். இருந்து எழும்பும்போது தலை சுற்றலாம். இரத்தத்தில் உப்புகள் குறைந்து கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கலாம். காது இரையலாம். நான்குதானா என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் எல்லாம் வாறதில்ல ஐயா. வந்தா எங்களுக்குச் சொல்லுங்க. நீங்களா நிப்பாட்டிப் போடாதீங்க" என்றார்.

கெண்டைக்கால் என்றதும் எனக்கு மாமாவின் நினைவு வந்துவிட்டது.

மாமா அம்மாவின் தமையன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே எங்கள் வட்டைக்கு அவர்தான் விதானை. அந்த வயல்வெளி முழுவதிலும் எந்த வரவை வயலுக்கு எப்போது தண்ணீர் பாயும், எது காத்திருக்கும் என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல். அப்படிப்பட்டவருக்கு ஒரு வருடம் இரண்டு காலும் வீங்கின. வரம்பில் கொஞ்சத் தூரம் நடந்தாலே மூச்சு வாங்கியது. வாவியைக் கடந்து பட்டணத்து ஆசுபத்திரிக்குப் போய், ஒரு போத்தல் குளிசையோடு திரும்பினார். அன்றிலிருந்து ஊர் மதகுகளைத் திறந்து மூடியவருக்குத் தன் மதகில் அதிகாரம் இல்லாமற்போனது. பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து பற்றைப் பக்கம் விரைவார்.

"விதானையார் திறந்திட்டார். பள்ளத்து வயல்காரன் கவனம்" என்பார்கள் வயற்காரர்கள். மாமாவும் சிரிப்பார்.

சிறுவனாயிருந்த எனக்கு அந்தக் குளிசை பெரிய அதிசயம். அவ்வளவு சிறிய பொருள் அவ்வளவு தண்ணீரை எங்கிருந்து எடுக்கிறது? மாமாவின் புறங்காலை விரலால் அழுத்தினால் குழி விழும். அது மூடும்வரை எண்ணுவேன். ஆரம்பத்தில் இருபதைத் தாண்டியது. பிறகு நாளுக்கு நாள் குறைந்து வந்தது. "எத்தின மருமகன்?" என்று மாமாவே கேட்பார்.

மாமிக்கு அதிசயம் இல்லை, பயம்தான்.

"டொக்டர் என்னதான் சொன்னவர்?"

"கால் வீக்கம் புள்ள. தண்ணி வடிஞ்சாச் சரி."

"நெஞ்சைப் பத்தி ஒண்டும் சொல்லல்லியா?"

"உனக்கு அடுப்படியில வேலை இல்லியா?"

மாமி எத்தனை தரம் தொடங்கினாலும் கதை அந்த இடத்தில் முடிந்துவிடும்.

வைகாசியில் அம்மன் சடங்கு வந்தது. பூசைக்குரிய பொருட்கள் நிறைந்த மடைப்பெட்டியை வட்டையின் சார்பில் தலையில் சுமந்து வருவது விதானையின் உரிமை. தெய்வமாடுகிறவர்களை மாமா நம்பியதில்லை. "பறை நிண்டா ஆட்டமும் நிக்கும்" என்பார். ஆனால் உரிமையை விட்டுக்கொடுக்க மாட்டார். சிக்கல் ஒன்றுதான். சடங்கு நேரத்தில் கோயில் வளவை விட்டு ஒதுங்கப் போனவர் தலை முழுகித்தான் மறுபடி உள்ளே வரலாம். இந்தக் குளிசையோடு எத்தனை முழுக்கு முழுகுவது? மாமா தனக்குத் தெரிந்த வயல் கணக்கைப் போட்டார். நீர்வரத்தை அடைத்தால் போக்கும் நின்றுவிடும். காலையில் குளிசையைத் தப்பாமல் போட்டார். அதை விழுங்கிய ஒரு மிடறுக்குப் பிறகு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. வெளியே மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நெருப்பாக அடித்தது.

குளிசைக்கு இந்தக் கணக்குத் தெரியாது. உள்ளிருந்ததை அது தன்பாட்டில் இறக்கிக்கொண்டே இருந்தது.

நண்பகலில் மாமா மடைப்பெட்டியைச் சந்நிதியில் இறக்கி வைத்துக் கும்பிட்டு நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் தள்ளாடினார். வலது கெண்டைக்கால் உருண்டு தேங்காயாகத் திரண்டதை நான் பார்த்தேன். ஒற்றைக்காலில் துள்ளினார். கைகள் காற்றைத் துழாவின.

"விலகுங்க, விதானையாருக்குத் தெய்வம் வந்திட்டு" என்றார் ஒருவர்.

நம்பாதவருக்கே வந்துவிட்டதால் ஊருக்கு மெய்சிலிர்த்தது. பெண்கள் குரவையிட்டார்கள். யாரோ வேப்பிலைக் கொத்தைக் கையில் திணித்தார்கள். மாமா துள்ளத் துள்ளப் பறை வேகம் பிடித்தது. "நிப்பாட்டுங்கடா" என்று அவர் சொன்னது அருகில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது. தெய்வம் ஏன் பறையை நிறுத்தச் சொல்கிறது என்று யோசித்தேன். பூசகர் மஞ்சள் தண்ணீரை முகத்தில் தெளித்தார். மாமா வாயைத் திறந்து அதை ஏந்தினார்.

தெய்வம் வந்தவர் நடக்கப்போவதைச் சொல்வார், அதைக் கட்டுச் சொல்வது என்பார்கள். ஒரு வயற்காரர் கைகூப்பி, "தாயே, இந்தப் போகத்துக்குத் தண்ணி காணுமா?" என்று கேட்டார்.

"தண்ணி தாங்க" என்றார் மாமா.

கூட்டம் திகைத்தது. "தெய்வமே நம்மளிட்டத் தண்ணி கேட்டா, நாம ஆரிட்டப் போற?" என்றார் அந்த வயற்காரர். "கேட்டதைக் குடுத்தாத்தான் மழை வரும். இளநி வெட்டுங்கடா" என்றார் இன்னொருவர்.

மாமாவைத் தாங்கிப்போய்க் கொக்கட்டி மர நிழலில் இருத்தினார்கள். மூன்று இளநீரை ஒரே மூச்சாகக் குடித்தார். பறை ஓய்ந்தது. சனம் மரியாதையாகத் தள்ளி நின்று அடுத்த வாக்குக்குக் காத்திருந்தது. நான் மட்டும் மாமாவின் பக்கத்தை விட்டு நகரவில்லை. அப்போது மாமி வந்து அவர் காலடியில் அமர்ந்தார். வலது காலை மடியில் எடுத்து, பெருவிரலைப் பின்னோக்கி இழுத்துப் பிடித்தபடி, மற்றக் கையால் கெண்டைக்காலை நீவிவிட்டார்.

"தாயே, இந்த மனிசனுக்கு நெஞ்சா?" என்று மெல்லக் கேட்டார்.

மாமா கண்களை மூடிக்கொண்டார்.

"ஓம். நெஞ்சுதான்."

"இவரை எனக்கு எத்தின காலத்துக்குத் தருவாய்?"

"வாற சடங்கு மட்டுக்கும் சொல்லலாம். அதுக்கு மறுகா என்னட்டக் கேளாத."

"சரி தாயே" என்றார் மாமி. கை நீவுவதை நிறுத்தவில்லை.

எனக்கு அம்மன்மேல் கோபம் வந்தது. இவ்வளவு பொங்கலும் இளநீரும் வாங்கிக்கொண்டு ஒரு வருடம்தானா? மாட்டுவண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது மாமியிடம் அதைக் கேட்டேன். "உள்ளதைத்தானே மனே சொல்ல ஏலும்" என்றார்.

அடுத்த கிழமை டொக்டர் மாமாவைக் கடிந்துவிட்டு, குளிசையைப் பாதியாக்கினாராம். எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்றும் அளவு சொல்லி அனுப்பினார். ஊரார் சில மாதங்கள் மாமாவைக் கண்டால் தோளில் கிடந்த துண்டை இறக்கினார்கள். மாமா அதைப் பொறுத்துக்கொண்டார். மாமி டொக்டரைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். அடுத்த சடங்குக்கும் மாமா மடைப்பெட்டி சுமந்தார். அதற்கடுத்த சடங்குக்கு அவர் இல்லை.

தெய்வம் வந்தவரின் காலில் விழுவார்கள். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தவரின் கால்விரலைத்தான் இழுத்துவிடுவார்கள். அந்த வயதுக்குள் எத்தனையோ சடங்கு பார்த்திருந்தேன். மாமியின் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் யாரிடம் கேட்டார் என்பது மட்டும் அன்று எனக்குத் தெரியவில்லை.