நாலு மூலையிலும் மஞ்சள்

என் வீட்டுக்காரருக்குப் பிரிண்டரில் மை நிரப்பத் தெரியும். அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். போன முறை நிரப்பியபோது வாஷ்பேசின், பனியன், பாத்ரூம் டைல்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்தே நிரப்பினார். டைல்ஸில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. கேட்டால் டிசைன் என்பார்.

அன்றைக்கு எனக்குச் சோழவந்தான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இன்டர்வியூ. பிள்ளை பிறந்ததும் டீச்சர் வேலையை விட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது. இதுவும் கிடைக்காவிட்டால் இன்னொரு இடத்துக்குப் போய் நிற்க எனக்குத் தெம்பு கிடையாது. காலை ஏழு மணிக்குப் பயோடேட்டாவைப் பிரிண்ட் எடுத்தால் பாதி எழுத்தைக் காணோம், மை தீர்ந்துவிட்டது. எங்கள் பழங்காநத்தத்தில் அன்று மாதாந்திர மின்தடை வேறு. ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விடும், ஜெராக்ஸ் கடை திறப்பதே ஒன்பதுக்குத்தான். நான் இருக்கும்போது உனக்கென்ன கவலை என்றார் அவர்.

கவலையே அதுதான். சட்டம் போட்டேன். பழைய பேப்பரை நாலாக மடித்து விரிக்க வேண்டும், அதன்மேல் எவர்சில்வர் தாம்பாளம், கையில் பிளாஸ்டிக் உறை, உடம்பில் பனியன் கூடாது. மனுஷர் அத்தனைக்கும் கட்டுப்பட்டார். கார்ட்ரிட்ஜ் மேல் இருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். சிரிஞ்சில் மையை இழுத்து, துளைக்குள் ஊசியை இறக்கி, பிள்ளைக்குச் சொட்டு மருந்து கொடுப்பதுபோல மெல்ல அழுத்தினார். துளையில் மை எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, அடிப்பக்கத்தை டிஷ்யூவில் ஒற்றி, ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டி மாட்டினார். இரண்டு தாள் கோடு கோடாக வந்தது, மூன்றாவது பளிச்சென்று வந்தது. தாம்பாளத்தில் ஒரு சொட்டு இல்லை. அந்த வெறும் தாம்பாளத்தைப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

நான் சேலை கட்டி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. வெளியே வந்தால் பயோடேட்டா சாமி படத்துக்கு முன்னால் இருக்கிறது, நாலு மூலையிலும் மஞ்சள். நல்ல காரியத்துக்குப் போகிற காகிதத்துக்கு மஞ்சள் வைப்பது வழக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாட்டில் மை ஈரம் பட்டால் ஓடும் என்று காலையிலிருந்து எனக்குப் பாடம் எடுத்த மனுஷரே, தண்ணீர் விட்டுக் குழைத்து அப்பியிருந்தார். இடது மூலையில் இருந்த என் பெயர் கரைந்து பாசி பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

ஃபைல் அணைந்துபோன கம்ப்யூட்டருக்குள் இருந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் தாளை ஊதிக்கொண்டிருந்தார். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரை பைக்கில் கொண்டுவந்து விட்டார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. கோபம் என்று நினைத்துக்கொண்டேன், உண்மையில் பயம்.

தலைமையாசிரியை தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"பேரே தெரியலையேம்மா. நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். பெயர், படிப்பு, எந்த வகுப்புக்கு எத்தனை வருஷம் என்று எல்லாம் சொன்னேன். ஏழு வருஷமாக நான் இன்னாருடைய அம்மா, இன்னார் வீட்டம்மா. என் பெயரை நானே அம்புட்டு சத்தமாகச் சொல்லிக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. அப்புறம் கேட்டதற்கெல்லாம் பதில் தானாக வந்தது.

அடுத்த வாரம் நேரில் கூப்பிட்டு வேலைக்கான ஆர்டர் கொடுத்தார்கள். ஆரப்பாளையத்தில் இறங்கி, முதல் வேலையாக அதை லேமினேஷன் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். நான் நினைத்தது சரி, வாசலில் மஞ்சள் கிண்ணத்தோடு நின்றார். நீட்டினேன். நாலு மூலையிலும் வைத்துவிட்டு, குனிந்து என் பெயரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பாத்தியா, ஓடலை" என்றார், ஏதோ அவர் போட்ட மை மாதிரி.