குளிர்பெட்டிக்காரரின் கடைவாய்ப் பற்கள்

கோட்டையூரில் பாண்டிமுருகனைத் தெரியாதவர்கள் குறைவு. இறந்தவர்களைக் கிடத்தும் குளிர்பெட்டியைப் பதினோரு வருடமாக வாடகைக்கு விடுகிறார். கல்யாண வீட்டுக்குள் அவர் நுழைந்தால் நாலு பேராவது பதறி எழுந்துவிடுவார்கள். அதனால் விசேஷங்களுக்கு மனைவி காளீஸ்வரி மட்டும்தான் போவார்.

போன ஐப்பசியில் காரைக்குடிக்குப் போய்ச் சொத்தையான கடைவாய்ப் பற்கள் இரண்டையும் ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டு வந்தார். பஞ்சைக் கடித்தபடி இருக்க வேண்டும், பேசக்கூடாது, துப்பக்கூடாது, கன்னத்தில் பத்து நிமிடம் குளிர்ச்சியாக எதையாவது வைத்துப் பத்து நிமிடம் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மாத்திரையும் போட்டாயிற்று. ஆனால் மரமரப்பு தெளியத் தெளிய வலி காதுவரை ஏறியது. வீட்டு ஃப்ரிட்ஜோ ஆடியிலேயே கெட்டுப்போயிருந்தது.

காளீஸ்வரி கொட்டகையை எட்டிப் பார்த்தார். பெட்டி கழுவித் துடைத்துச் சும்மாதான் கிடந்தது. அதை வீட்டுக்குள் கொண்டுவர மனசு வரவில்லை. இருவருமாக வாசலுக்கு உருட்டி வந்து, வயரை ஜன்னல் வழியாக இழுத்துச் செருகி, இரண்டு வெள்ளைத் துண்டுகளை நனைத்து உள்ளே விரித்தார்கள். அரை மணியில் துண்டு ஜில்லிட்டுவிட்டது. ஒன்று கன்னத்துக்கு, ஒன்று பெட்டிக்கு என்று மாற்றி மாற்றி வைத்தார் பாண்டிமுருகன். காளீஸ்வரி கஞ்சி ஆற்ற உள்ளே போனார்.

அந்த நேரம் எதிர்வீட்டுச் சின்னச்சாமி வயலிலிருந்து திரும்பினார். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே வெள்ளைத் துணி. பக்கத்தில் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு பாண்டிமுருகன் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தார். சின்னச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மெதுவாகக் கேட்டார்.

"யாருய்யா?"

பாண்டிமுருகன் இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு பேரா?"

இல்லையென்று தலையை ஆட்டப் போனார். வலி சுரீரென்று இழுக்க, கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டார்.

கால் மணிக்குள் தெருவே கூடிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. கடைசி வீட்டுக் கருப்பி அழுவதற்குத் தோதாகத் தொண்டையைச் செருமினார். ரெண்டு பேருக்கு ஒரு பெட்டி எப்படிப் போதும் என்ற கவலை சின்னச்சாமிக்கு. பெட்டியில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்து அழைத்தார். பாண்டிமுருகனின் சட்டைப்பையில் மணி அடித்தது. பழக்கத்தில் அவரும் எடுத்துக் காதில் வைத்துவிட்டார்.

"அவசரமா இன்னொரு பெட்டி வேணும், கொண்டு வாரீகளா?" என்று மூன்றடி தள்ளி நின்று சின்னச்சாமி விலாசம் சொல்ல ஆரம்பித்தார். பாண்டிமுருகன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கஞ்சியோடு வெளியே வந்த காளீஸ்வரி திகைத்து நின்றார்.

"யாரும் சாகலைங்க. இவுகளுக்கு ரெண்டு பல்லைப் பிடுங்கியிருக்கு, அம்புட்டுத்தான்."

ஆனாலும் யாரும் கிளம்பவில்லை. துக்கத்துக்கென்று வந்துவிட்டு, குளிக்காமல் வீட்டுக்குள் போகலாமா என்பது பெரிய பிரச்சினையாகிவிட்டது. சாவே இல்லையே என்றார்கள் சிலர். பெட்டி ஓடியதே என்றார்கள் மற்றவர்கள். பல்லும் உடம்பில் ஒரு பாகம்தானே என்று சின்னச்சாமி யோசித்துச் சொன்னதும், எல்லாரும் குழாயடிக்குக் குளிக்கப் போனார்கள்.

கருப்பி மட்டும் போகவில்லை.

"எனக்கும் ஒரு வாரமாக் குத்துது ஆத்தா. அந்த இன்னொரு துண்டைக் குடு."

இருவரும் ஆளுக்கொரு கன்னத்தைப் பிடித்தபடி பொழுது சாயும்வரை பெட்டியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் நாள் பாண்டிமுருகனுக்கு வீக்கம் வடிந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை கருப்பியைப் பெட்டி ஏற்றும் தன் வண்டியிலேயே பல் டாக்டரிடம் கூட்டிப் போனார். வண்டியை மட்டும் ஒரு தெரு தள்ளி நிறுத்தினார்.