எதிர்வீட்டு ஸ்பீக்கர் பெட்டி

பேருந்தில் மகள் தன் இயர்போனில் ஒரு பக்கத்தைக் கழற்றி என் காதில் வைத்தாள். பாடுகிற குரலோடு தபலா மட்டும் கேட்டது. எனக்கு ரத்தினம் அத்தையின் நினைவு வந்தது.

மார்க்கையன்கோட்டையில் எங்களுக்கு எதிர்வீடு அப்பாவின் தங்கையான அத்தை வீடு. மாமா இறந்து எட்டு மாதமாகியும் அத்தை வாசல்படி தாண்டவில்லை. அவருக்குப் பாட்டென்றால் உயிர். ஆனால் துக்க வீட்டில் ஒரு வருடம் பாட்டுப் போடக் கூடாது.

அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் ஸ்டீரியோ டேப் செட்டின் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளில் ஒன்றை அத்தையின் அடுப்படியில் வைத்தார். சிவப்பும் கறுப்புமான வயரை வேப்பங்கிளை வழியாகத் தெருவுக்கு மேலே இழுத்து எங்கள் வீட்டுச் செட்டில் மாட்டினார்.

"துக்க வீட்ல பாட்டா? ஊர்ல என்ன பேசுவாக?" என்றார் அம்மா.

"பாட்டு நம்ம வீட்லதான ஓடுது? அங்கன இருக்கது வெறும் பெட்டி."

மூன்று நாள் அத்தை அடுப்படியிலிருந்தே கேட்டார். நான்காம் நாள், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, கரண்டியும் கையுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏண்ணே, என் பெட்டியில புல்லாங்குழல்தான் கேக்குது. தபலாவ எங்க வச்சிருக்க?"

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது இங்கன இருக்கு ஆத்தா. உக்காந்து கேளு."

அத்தை உட்கார்ந்தார். அம்மா அவர் கையிலிருந்த கரண்டியை மெல்ல வாங்கி வைத்தார்.

"உன் பக்கம் புல்லாங்குழல் கேக்குதா?" என்று மகளிடம் கேட்டேன்.

"ஆமா. உனக்கு எப்பிடிம்மா தெரியும்?"