கரடி மோப்பக்காரன்

என் தங்கை தனூதாவைக் கட்டியவன் லெஷெக். பால் பண்ணையில் வேன் ஓட்டுகிறான். விடியும் முன்பே கிளம்பி, போலந்தில் எங்கள் லூப்ளின் சாலையோரக் கடைகளுக்கெல்லாம் பாலும் பாலாடைக்கட்டியும் இறக்கிவிட்டு வருவான். ஆனால் எங்கள் வட்டாரத்தில் அவனை யாரும் பால்காரன் என்று சொல்வதில்லை. கரடி மோப்பக்காரன் என்றுதான் சொல்வார்கள்.

கரடி என்றால் போலீஸ். எங்கள் சாலைகளில் வண்டி ஓட்டுகிறவன், வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் சி.பி. ரேடியோவில் போலீஸை போலீஸ் என்று சொல்லவே மாட்டான். "பாலத்துக்கு அந்தப் பக்கம் கரடி உக்காந்திருக்கு" என்பான். கேட்டவனெல்லாம் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிடுவான். நீலப்பட்டை போட்ட போலீஸ் வண்டியைக் காட்டிக்கொடுக்க ஒரு நிபுணர் தேவையில்லை. மேலே விளக்கு இல்லாமல், பக்கத்தில் எழுத்து இல்லாமல், ஏதோ பல் டாக்டர் ஏரிக்கரைக்குப் போவதுபோல வந்து, பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நம் வேகத்தைப் படம் பிடிக்குமே, அந்த மறைவு வண்டிதான் ஆபத்து. அதைத்தான் லெஷெக் கண்டுபிடிப்பான். கண்டுபிடித்ததோடு நிற்காமல், தினமும் காலையில் ரேடியோவில் அதற்குப் பிரசங்கமும் செய்வான்.

"முன்சீட்டுல ரெண்டு ஆம்பளைங்க, ஒருத்தனும் வாயத் தொறக்கலன்னா அது கரடி. கல்யாணமாகி இருபது வருஷமான ஜோடியும் அப்படித்தான் போகும், ஆனா இங்க ரெண்டுமே ஆம்பளை, கவனிங்க" என்பான். "நம்ம ஊரு சேத்துல எவன் காருய்யா அவ்ளோ பளபளன்னு இருக்கும்? சொந்தக் காசுல கழுவறவன் காரு அப்படி இருக்காது. அப்புறம் பின்சீட்டப் பாருங்க. குழந்தை சீட்டு இல்ல, உருளைக்கிழங்கு மூட்டை இல்ல, ஒண்ணுமே இல்ல. எந்தக் குடும்பத்துக் காரு காலியாப் போகும்?"

லாரிக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். "அண்ணே, நீங்க இல்லன்னா எங்க லைசென்ஸெல்லாம் எப்பவோ போயிருக்கும்ணே" என்று உருகுவார்கள். அன்றைக்கு முழுக்க லெஷெக்கின் கால் தரையில் படாது.

ஒருமுறை சாம்பல் நிறக் கார் ஒன்று போனது. படுசுத்தம். முன்னால் இரண்டு ஆண்கள், பேச்சுமூச்சு இல்லை. லெஷெக் மைக்கில் ஒரு குரல் கொடுத்தான். சாலை முழுவதும் மாட்டுவண்டி வேகத்துக்கு வந்துவிட்டது. கடைசியில் பார்த்தால் பிஷப்பைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த இரண்டு பாதிரியார்கள். லெஷெக் அசரவில்லை. "அவங்களும் நம்ம தப்பக் கணக்கெடுக்கற ஆளுங்கதான மச்சான்?" என்றான். தோல்வியை ஒப்புக்கொள்ளும் வழக்கம் அவன் குடும்பத்திலேயே கிடையாது.

இப்படி ஊருக்கே லைசென்ஸ் காத்துக் கொடுத்தவனின் சொந்த லைசென்ஸ் ஊசலாடிக்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. தப்புக்குத் தப்பு லைசென்ஸில் ஏறும் அபராதப் புள்ளிகள் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டன. எல்லாம் கம்பத்தில் மாட்டியிருக்கும் மஞ்சள் கேமராப் பெட்டியின் வேலை. எல்லோருக்கும் தெரிந்த கம்பம், எல்லோருக்கும் தெரிந்த வளைவு. பிரேக் போடாமல் அதைத் தாண்டுகிறவன் இவன் ஒருவன்தான். ஏனப்பா என்று கேட்டால், "பெட்டிக்கு மூஞ்சி கிடையாது மச்சான். மூஞ்சி இருந்தாத்தான் எனக்கு வேலை செய்யும்" என்பான். பண்ணை மேலாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இன்னும் ஒருமுறை மாட்டினால் லைசென்ஸ் போகும், லைசென்ஸ் போனால் வேனும் போகும். ஐம்பத்தைந்து வயதில் அந்த வேனை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பும் கிடையாது.

இந்த நிலைமையில்தான் மகள் கிங்காவின் கல்யாணம் வந்தது.

"சர்ச்சுக்கு வண்டிய என் அண்ணன் ஓட்டட்டும்" என்றாள் தனூதா. "உன் லைசென்ஸ் நூல்ல தொங்குது. அன்னிக்கும் போய் எதையாவது இழுத்துவிட்டுக்காத."

"என் பொண்ண நான்தான் கூட்டிட்டுப் போவேன். அவ பொறந்தன்னிக்கு ஆஸ்பத்திரியிலேந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தவன் நான். அன்னிக்கு உங்கண்ணன் எங்க போனான்?"

நான் பட்டாளத்தில் இருந்தேன். சொன்னால் மட்டும் கேட்டுவிடவா போகிறான் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கல்யாண நாள் காலையில் என் நீலக் காருக்குப் பூவும் ரிப்பனும் கட்டினார்கள். பூவுக்கு நடுவில் கூரையில் ஒரு நீள ஆன்டெனா நின்றது. லெஷெக் வேனிலிருந்த ரேடியோவைக் கழற்றிக் கொண்டுவந்து என் காரில் மாட்டியிருந்தான். "அப்பா, இது என் கல்யாணம்ப்பா" என்றாள் கிங்கா. "அதனாலதாம்மா ஜாக்கிரதையா இருக்கணும்" என்றான்.

வீட்டில் மணமக்களை மண்டியிட வைத்துப் பெற்றோர் ஆசீர்வதிப்பது வழக்கம். தனூதா அழ ஆரம்பித்து நிறுத்தவில்லை. அவளைப் பார்த்து மாப்பிள்ளை தாமியானின் அம்மாவும் பிடித்துக்கொண்டாள். போட்டோக்காரன் வேறு, அழுதது சரியாக விழவில்லை, இன்னொருமுறை என்றான். எங்களுக்கு அடுத்தாற்போல் இன்னொரு கல்யாணத்தையும் பாதிரியார் ஒப்புக்கொண்டிருந்தார். நேரம் தவறினால் நாங்கள் கடைசிதான் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார். கிளம்பும்போதே தாமதமாகிவிட்டது. தனூதாவும் மற்றவர்களும் வேறு வண்டியில் முன்னால் போய்விட்டார்கள். கிங்காவும் தாமியானும் பின்சீட்டில். முன்சீட்டில் நான், காலடியில் வோட்கா பாட்டில் பெட்டி.

கல்யாண வண்டி சர்ச்சுக்குப் போகிற வழியில் ஊர்க்காரர்கள் கயிறு கட்டி மறிப்பார்கள். ஏதாவது வேஷம் போட்டுக்கொண்டு நிற்பார்கள். பாட்டில் கொடுத்தால்தான் கயிறு இறங்கும். முதல் கயிற்றில் பக்கத்துத் தெரு ஆண்கள் நர்ஸ் வேஷத்தில், தாடியோடு நின்றிருந்தார்கள். நான் பாட்டிலைக் கொடுத்தேன். அவர்களோடு ஒரு மடக்கு குடித்தால்தான் விடுவார்கள், குடித்தேன். தாமியானையும் இறக்கி ஊற்றிவிட்டார்கள். அடுத்த கயிறு ஊர்த் தீயணைப்புக்காரர்களுடையது என்று எல்லோருக்கும் தெரியும். போன மாதம் ஒரு கல்யாணத்தில் போலீஸ் வேஷம் போட்டு நாலு பாட்டில் கறந்திருந்தார்கள்.

"நேரமாச்சுப்பா" என்றாள் கிங்கா.

லெஷெக் மிதித்தான். வழியில் ஒரு சின்ன ஊர், உள்ளே ஐம்பதுக்கு மேல் போகக் கூடாது. எங்கள் ரிப்பன்கள் படபடவென்று அடித்துக்கொண்டன.

"மாப்ள, பின்னாடி ஒரு வெள்ளிக் காரு ரொம்ப நேரமா வருது" என்றேன்.

லெஷெக் கண்ணாடியில் பார்த்தான். நிதானமாகப் பார்த்தான். "கதவு வரைக்கும் சேறு. பின்னாடி குழந்தை சீட்டு. டிரைவர் ஓயாம பேசிட்டு வர்றான், பக்கத்துல இருக்கறவன் பன்னு தின்னுட்டு இருக்கான். கரடி இல்ல மச்சான், எவனோ குடும்பஸ்தன்" என்று தீர்ப்புச் சொல்லி இன்னும் கொஞ்சம் மிதித்தான்.

அந்தக் குடும்பஸ்தன் கண்ணாடிக்குப் பின்னால் நீல விளக்கு சுழல ஆரம்பித்தது.

நான் அவசரமாக சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். லெஷெக்கோ தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "தீயணைப்புப் பசங்கடா! இந்தத் தடவ கயிறு கட்டாம துரத்திட்டே வர்றானுங்க பாரு. மூளை வளந்துருச்சு!"

வண்டியை ஓரங்கட்டி, பெட்டியிலிருந்து இரண்டு பாட்டிலை உருவிக்கொண்டு இறங்கினான். வெள்ளைத் தொப்பி போட்ட இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் மீசைக்காரர், இளையவன் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான். நானும் இறங்கினேன். அந்த முகங்களை எங்கள் ஊரில் நான் பார்த்ததே இல்லை. "மாப்ள..." என்று இழுத்தேன். அவன் காதில் ஏறினால்தானே!

"சார், நீங்க எவ்ளோ வேகத்துல வந்தீங்கன்னு தெரியுமா?" என்றார் மூத்தவர்.

"தெரியாம என்ன, நூத்தஞ்சு! ஒத்துக்கறேன், எழுதிக்க!" என்று லெஷெக் அவர் தோளில் கைபோட்டான். "ஆனா வேஷம் சரியில்லடா தம்பி. தொப்பி எங்க வாங்கின, பொம்மைக் கடையிலயா? நிஜ மறைவு வண்டி இப்படியா இருக்கும்? இவ்ளோ சேறா? குழந்தை சீட்டா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லிக் குடுத்திருப்பேன்ல? சரி சரி, இந்தா பிடி." இரண்டு பாட்டிலையும் அவர் நெஞ்சில் அழுத்தினான்.

மூத்தவர் அவனைத் தன் காருக்கு அழைத்துப்போய்ச் சின்னத் திரையைக் காட்டினார். திரையில் என் நீலக் கார், ரிப்பன், பூ, ஆன்டெனா. கீழே வேகம். லெஷெக் பேயறைந்த மாதிரி நின்றான்.

"அதிகாரிக்குப் பாட்டில் குடுக்கறது என்ன குத்தம்னு தெரியுமா சார்?" என்றார் அவர். பிறகு காரில் இருந்த வெள்ளை உடையைப் பார்த்தார். பாட்டில்களை என் கையில் திணித்தார். "என் கல்யாணத்துலயும் கயிறு கட்டினாங்க. அதனால இத நான் பாக்கல. ஆனா வேகத்தக் கேமரா பாத்துருச்சு. ஊருக்குள்ள இந்த வேகம்னா லைசென்ஸ இங்கயே முடக்கணும். புள்ளியும் நிரம்பிப்போச்சு, மறுபடி பரீட்சை எழுதித்தான் வாங்கணும்."

லெஷெக் வேலையைப் பற்றிக் கேட்பான், கெஞ்சுவான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு. "அந்தக் குழந்தை சீட்டு... அது யாரோட யோசனை?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பால் வேன் லெஷெக்கா நீங்க?" என்றார் மூத்தவர். "குரலக் கேட்டதுமே நெனச்சேன். உங்க யோசனைதான் சார். காலைல காபி குடிக்கறப்ப ஸ்டேஷன்ல உங்க பேச்சத்தான் கேப்போம். சுத்தமா இருந்தா கண்டுபிடிச்சிருவேன்னீங்க, கழுவறத நிறுத்திட்டோம். காலி சீட்டுன்னீங்க, எங்க அக்கா வீட்டுலேந்து குழந்தை சீட்டு வாங்கிட்டு வந்தேன்."

"பேசாம போனா கரடின்னீங்களா சார்?" என்று இளையவன் நொந்துகொண்டான். "பேசிக்கிட்டே போகணும்னு உத்தரவு. எங்க ரெண்டு பேருக்கும் பேச என்ன இருக்கு? அன்னிலேந்து இவரு மாமியா கதையக் கேட்டுட்டு வர்றேன்."

லெஷெக்கின் முகத்தில் அப்போது பெருமை வந்தது. சத்தியமாக வந்தது, நான் பார்த்தேன். லைசென்ஸ் பறிபோகிற நேரத்தில் அரசாங்கமே தன் மாணவன் என்று தெரிந்து ஒரு மனுஷன் நெஞ்சை நிமிர்த்தினான். அவன் கன்னத்தில் ஒன்று விடலாம் போல எனக்குக் கை துடித்தது. மூத்தவர் லைசென்ஸுக்காகக் கையை நீட்டியதும் அந்தப் பெருமை இறங்கிவிட்டது. பர்ஸிலிருந்து அதை எடுக்க அவனுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. பாவமாகவும் இருந்தது.

இப்போது யார் ஓட்டுவது? என் வாயில் வோட்கா வாடை. தாமியானும் குடித்திருந்தான். கிங்கா இறங்கி வந்தாள். செருப்பைக் கழற்றித் தாமியான் கையில் கொடுத்தாள், பாவாடையை இரண்டு கையாலும் அள்ளி முழங்காலில் சுருட்டினாள்.

"சாவி குடுங்கப்பா. பின்னாடி போய் உக்காருங்க."

அவன் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், பூச்செண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கிங்கா முள் ஐம்பதைத் தாண்டாமல் ஓட்டினாள். தீயணைப்புக்காரர்கள் கயிற்றோடு நின்றிருந்தார்கள். மணமகளே ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து, என்னவோ ஏதோவென்று பாட்டில்கூடக் கேட்காமல் கயிற்றை இறக்கிவிட்டார்கள். சர்ச் வாசலில் பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனூதா ஓட்டுநர் சீட்டிலிருந்து மகள் இறங்குவதைப் பார்த்தாள், பின்சீட்டில் பூச்செண்டோடு இருந்த புருஷனைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமலிருந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

திங்கட்கிழமை அவனைப் பண்ணைக்கு நான்தான் கூட்டிப்போனேன். வேன் சாவியை மேலாளர் வாங்கிக்கொண்டார். பரீட்சை எழுதித் தேறும்வரை கிடங்கில் பால் கேன் தூக்கலாம், சம்பளம் அதற்குத் தகுந்தபடிதான் என்றார். லெஷெக் தலையாட்டினான். இடுப்பு வலி உள்ளவன் அவன்.

திரும்பி வரும்போது என் காரில் அந்த ரேடியோ இன்னும் இருந்தது. கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

ஒரு வளைவு தாண்டியதும் லெஷெக் என் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டினான். நான் வேகத்தைக் குறைத்தேன். எதிரே ஒரு பழைய சிவப்புக் கார். கூரையில் ஒரு சைக்கிள், பின்சீட்டில் உருளைக்கிழங்கு மூட்டை, முன்னால் இரண்டு பேர் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அதில் கரடிக்கான அடையாளம் ஒன்றுமே தெரியவில்லை. அவன் மட்டும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி மாப்ள?" என்று கேட்டேன்.

அவன் ரேடியோவைக் காட்டி, உதட்டில் விரலை வைத்தான். மைக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் ரேடியோ கரகரத்தது. "லெஷெக் அண்ணே, லூப்ளின் பக்கம் போறோம். ரோடு எப்படிண்ணே? கரடி இருக்கா?"

மைக்கை எடுத்தான். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்குப் பத்து நிமிடத்துக்குக் குறைந்து அவன் பதில் சொன்னதில்லை. அந்தச் சிவப்புக் காரையும் அதைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்ட வித்தையையும் சொல்ல அவன் உதடு துடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"எனக்குத் தெரியலப்பா" என்றான்.

மைக்கை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வீடு வரும்வரை பேசவில்லை. முன்சீட்டில் இரண்டு ஆண்கள் வாயைத் திறக்காமல் போய்க்கொண்டிருந்தோம். எதிரே வந்த லாரிகளெல்லாம் எங்களைப் பார்த்ததும் பிரேக்கில் காலை வைத்தன.