நான் கரடியின் கட்சி

எனக்கு எண்பத்தேழு வயது நடக்கிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றும் சோடை போகவில்லை. படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. ஆனாலும் எழுத்துக் கூட்டி எழுதிவிடுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப் பொழுது ஆகும். ஆகட்டும், எனக்கு எந்த பஸ்ஸையும் பிடிக்க வேண்டியதில்லை.

பொம்மைப்படத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பிள்ளைகள் கார்ட்டூன் என்று சொல்வார்களே, அதுதான். போன வாரம், இங்கே சிங்கப்பூரில், பொங்கோலில் என் இரண்டாவது மகள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். சின்னதுகள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தன. பெரியவர்கள், அந்தக் காலத்துக் கார்ட்டூனில் ஒரே அடிதடி, இப்போது வருவதுதான் பிள்ளைகளுக்கு நல்லது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். "பழசுதான் நல்லது. அடி வாங்கினா வாங்கட்டும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"பாட்டி, உங்களுக்குக் கார்ட்டூன்லாம் தெரியுமா லா?" என்று ஒரு பேரன் கேட்டான்.

"உங்கப்பன் பொறக்கறதுக்கு முன்னாடியே தெரியும்டா" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். சிரிப்பவர்களிடம் வாயால் சொல்லிப் பிரயோசனம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

இப்போது வரும் பொம்மைப்படங்களில் யாரும் விழுவதே இல்லை. குட்டி யானை பல் தேய்க்கிறது. குட்டி முயல் பொம்மையைத் தம்பியோடு பங்கு போட்டுக்கொள்கிறது. எல்லாம் டீச்சர் மாதிரி பேசுகின்றன, பேசிக்கொண்டே இருக்கின்றன. கலர் மட்டும் அடுக்கு குவே பலகாரம் மாதிரி அழகாக இருக்கிறது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிடுகிறேன். பிள்ளைகளும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்களே தவிர, சிரிக்கிற சத்தத்தைக் காணோம்.

நாங்கள் பார்த்தது கறுப்பு வெள்ளை. ஒரு தடிக் கரடி. ஒரு சின்னக் குருவி. கரடி தூங்க வேண்டும் என்று படுக்கும். குருவி வந்து காதுக்குள் கத்தும். கரடி அதைப் பிடிக்கப் போய் மரத்தில் மோதும், கிணற்றில் விழும், ரோடு போடுகிற உருளைக்கு அடியில் மாட்டி அப்பம் மாதிரி தட்டையாகிவிடும். பிறகு உஸ்ஸென்று ஊதிக்கொண்டு பழையபடி எழுந்து நிற்கும். ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் குருவியின் கட்சி. நான் கரடியின் கட்சி. அது என்ன கேட்டது? கொஞ்சம் தூக்கம். அப்போதே நாலு பிள்ளை பெற்றிருந்தவளுக்கு அந்தக் கரடியின் கஷ்டம் தெரியும். அத்தனை அடி வாங்கியும் மறுவாரம் வந்து படுக்கிறதே, அந்த ரோஷம் எனக்குப் பிடிக்கும். என் பையன்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வளர்ந்தார்கள். ஒருத்தனும் ஒருத்தரையும் உருளைக்கு அடியில் தள்ளவில்லை.

ஆனால் அந்தக் கரடியை நான் மனசாரத் திட்டின காலமும் உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

சிங்கப்பூர் தனி நாடான மறுவருஷம். அப்போது எனக்கு நாலு பிள்ளைகள், மற்ற இரண்டும் பிறகு பிறந்தவை. தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அறையில் குடியிருந்தோம். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. நடந்து போகிற தூரத்தில், சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் அண்ணி இருந்தார். அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அவர் புருஷனை நான் அண்ணன் என்பேன். தையல் கடை வைத்திருந்தார். பிள்ளை இல்லை. நாலு கால் வைத்து, முன்னால் இழுத்து மூடுகிற கதவு போட்ட டிவிப் பெட்டி மட்டும் இருந்தது. எங்கள் உறவில் வேறு யார் வீட்டிலும் அது கிடையாது.

வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் ஐந்தரைக்குப் பொம்மைப்படம். என் நாலும் கடைகளுக்கு முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையில் ஓடிப்போய் மாடிப்படி ஏறிவிடும். படம் முடிந்ததும் மூன்று திரும்பி வரும். இரண்டாவது மகள் மட்டும் வரமாட்டாள். ஏழு வயது. நான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வருவேன்.

அண்ணி சிரித்து நான் பார்த்ததில்லை. கனத்த சரீரம், முட்டி வலி, எப்போதும் நாற்காலியில்தான் இருப்பார். ஒரு நாள் என் வீட்டுக்காரரையும் என்னையும் உட்கார வைத்து நேராகவே கேட்டுவிட்டார்.

"நாலுல ஒண்ண எனக்குக் குடு. ரெண்டாவது என்கிட்ட ஒட்டிக்கிச்சு. நான் வளத்துக்கறேன்."

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சுவரைப் பார்த்தேன்.

"கேட்டா பதில் சொல்லணும்" என்றார் அண்ணி. "இப்பவே வேணாம். ரெண்டு வாரம் இங்க இருந்து பாக்கட்டும். விஜயதசமி அன்னைக்குக் காலையில சொல்லுங்க. நல்ல நாளு."

வீட்டுக்கு வந்ததும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "வாயில என்ன கொழுக்கட்டையா? முடியாதுன்னு சொல்லவேண்டியதுதானே?"

"எப்படிடி சொல்றது? என்னை வளத்தவங்க." அவ்வளவுதான் பேசினார். கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

பெண் மூட்டையைக் கட்டிக்கொண்டு குதித்துக் குதித்துப் போனாள். அத்தை வீட்டில் இரண்டு வாரம் தங்கப் போகிறோம், அங்கிருந்தே பள்ளிக்கூடம் போகப் போகிறோம் என்பது மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தது. முதல் வாரம் போயிற்று. அவள் ஒருதரம்கூட வீட்டு நினைப்பில் அழவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்கு வயிறு எரிந்தது. பத்து மாசம் சுமந்தவளை விட ஒரு கரடி பெரிதாகப் போய்விட்டதா? அந்தப் பெட்டி மட்டும் இல்லாவிட்டால் இவள் ஓடி வந்துவிடுவாள் என்று நான் சத்தியமாக நம்பினேன். பிள்ளையைப் பிரித்தது பொம்மைப்படம்தான் என்று சந்தையில் மீன் வாங்குகிறவர்களிடம்கூடச் சொன்னேன்.

சரஸ்வதி பூஜை வந்தது. அன்றைக்குப் பொம்மைப்பட நாள். மறுநாள் காலையில் நாங்கள் பதில் சொல்ல வேண்டும்.

பூஜைக்கு அண்ணி வீட்டில் எல்லோரும் கூடினோம். அண்ணனின் தையல் மெஷின், கத்தரிக்கோல், அளவு நாடா, பிள்ளைகளின் புத்தகம் எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டாயிற்று. பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் காலையில் மறுபடி பூஜை செய்துதான் எடுக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை என்ன, சூழ்ச்சிதான்.

"அண்ணி, டிவிப் பெட்டிய விட்டுட்டீங்களே" என்றேன்.

அண்ணன் சிரித்தார். "அது என்னம்மா ஆயுதமா? அத வெச்சு நான் சட்டையா தைக்கறேன்?"

"செய்தி வருது, இங்கிலீஷு வருது. அத்தனையும் வித்தைதானே அண்ணே. அதுக்கு மட்டும் சரஸ்வதி வேணாமா?"

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அவ சொல்றது சரி. இழுத்து மூடி வைங்க" என்றார்.

பெட்டியின் கதவை மூடி, மேலே ஒரு முழம் பூவும் போட்டு, நடுவில் சந்தனப் பொட்டு வைத்தார் அண்ணன். என் பெரியவனுக்கு முகம் தொங்கிப் போயிற்று. வீடு திரும்பும் வழி முழுக்க அவன் என்னை விடவில்லை.

"இன்னைக்குக் கார்ட்டூன் நாள்னு உங்களுக்குத் தெரியாதாம்மா?"

"சாமி காரியம்டா. வாய மூடு."

"சாமிக்கும் கார்ட்டூன் பிடிக்கும்" என்றான்.

சாயங்காலம் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். ஐந்தரை ஆயிற்று. இப்போது பெட்டியைத் திறக்கச் சொல்லி அழுவாள். ஆறு ஆயிற்று. இப்போது மூட்டையைத் தூக்கியிருப்பாள். அஞ்சடியில் யார் யாரோ வந்தார்கள். அவள் வரவில்லை. ஆறரைக்கு என்னால் முடியவில்லை. தூக்குச்சட்டியில் கொஞ்சம் சுண்டலைப் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினேன், கேட்டால் ஒரு காரணம் வேண்டுமே.

மாடிப்படியில் பாதி ஏறும்போதே தடால் என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து சிரிப்பு. என் பெண் சிரிக்கிற சிரிப்பு எனக்குத் தெரியும், மூச்சு விட இடம் இல்லாமல் சிரிப்பாள். கூடவே இன்னொரு சிரிப்பு கேட்டது. அது யாருடையது என்று தெரியவில்லை. கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தேன்.

அண்ணி தரையில் இருந்தார். நாற்காலியை விட்டு இறங்காத அண்ணி, முட்டிக்கு அடியில் துணி மடித்துப் போட்டுக்கொண்டு, நாலு காலில் நின்றார். முதுகில் உருண்டைத் தலையணையைச் சேலைத் தலைப்பால் கட்டியிருந்தார். என் பெண் இரண்டு கையிலும் விசிறியைப் பிடித்துக்கொண்டு, அண்ணியின் காதுக்குள் "கீச் கீச்" என்று கத்தினாள். அண்ணி உறுமிக்கொண்டு பாய்ந்தார். அலமாரியில் மெதுவாக மோதினார். அண்ணன் ஒரு தட்டைக் கரண்டியால் டங் என்று தட்டினார். அண்ணி அப்படியே குப்புற விழுந்து கையையும் காலையும் பரப்பித் தட்டையானார். பிறகு உஸ்ஸென்று கன்னத்தை ஊதிக்கொண்டு எழுந்தார். நான் பார்த்த கரடி அதேதான். அச்சு அசல்.

நான் நின்றதை முதலில் பார்த்தவள் என் பெண்தான்.

"அம்மா! நீங்களும் வாங்க. அத்தை சீக்கிரம் டயர்டாயிடறாங்க. ரெண்டு கரடி வேணும்!"

அண்ணிக்கு முகம் சிவந்து போயிற்று. "என்ன பாக்குற? பெட்டியப் பூஜையில வைக்கச் சொன்னவ நீதானே? புள்ளை ஏங்கிப் போயிடக்கூடாதுல்ல?"

தூக்குச்சட்டியைக் கீழே வைத்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் மண்டியிட்டேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, நன்றாகவே விழுந்தேன். குருவி எங்கள் இரண்டு பேரையும் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. அண்ணன் தட்டை உடைக்கிற அளவுக்குத் தட்டினார்.

கடைசியில் சுண்டலைப் பார்த்துக் குருவி பறந்துவிட்டது. அண்ணியும் நானும் எழ முடியாமல் தரையிலேயே கிடந்தோம். மூச்சு வாங்கியது. கூரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"பெட்டிய மூடினா அவ ஓடி வந்துடுவான்னுதான் அப்படிச் சொன்னேன் அண்ணி."

"தெரியும்டி."

"தெரிஞ்சுமா வெச்சீங்க?"

அண்ணி தலையணைக் கட்டை அவிழ்த்தார். "எனக்கும் பாக்கணும்னு இருந்துச்சு. பெட்டிக்காக வருதா, எனக்காக வருதான்னு. ரெண்டு வாரமா உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. இன்னைக்கு அஞ்சரை மணிக்கு என் ஈரக்குலையே நடுங்கிப் போச்சு, தெரியுமா? அது மூட்டையத் தூக்கல. 'அத்தை, நாமளே கரடியாகலாமா'ன்னு கேட்டுச்சு."

அங்கே, இங்கே இரண்டு இடத்திலும் ஐந்தரை மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே பெண்ணை நினைத்து நடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறோம். அவருடைய பயம் தீர்ந்தது. என் பயம் பெரிதாயிற்று. அவள் பெட்டிக்காக அங்கே இருக்கவில்லை என்றால், இனிமேல் நான் எதைச் சொல்லி அவளைத் திருப்பிக் கேட்பேன்? அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரரும் நானும் சாப்பிடவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

விஜயதசமி காலையில் நாங்கள் கிளம்புவதற்கு முன்னாலேயே வாசலில் அண்ணி நின்றார். அந்த முட்டியோடு படி இறங்கி நடந்தே வந்திருந்தார். ஒரு கையில் துணிமூட்டை, மறு கையில் என் பெண். அவள் நெற்றியில் புது சந்தனம்.

வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "என்னக்கா, நாங்களே வந்திருப்போமே…"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். மூட்டையப் பிடி" என்றார் அண்ணி. பிறகு என்னைப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு எனக்குப் பத்தாது. சாயங்காலம் நாலையும் அனுப்பு. கரடிக்கு ஆள் வேணும்னா நீயும் வா."

"ஏன் அண்ணி?" என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்கிறவரிடம் ஏன் என்று கேட்கிற பைத்தியக்காரி நான்.

"எனக்காகத்தான் வருதுன்னு தெரிஞ்சு போச்சுல்ல. அப்புறம் எதுக்குப் பூட்டி வைக்கணும்? வரும்." காப்பிகூடக் குடிக்காமல் திரும்பி நடந்தார்.

அவள் வந்தாள், போனாள். கல்யாணம் ஆகிற வரைக்கும் போனாள். பெட்டி பழசாகி, படம் தெரியாமல் கோடு கோடாக ஓடிய பிறகும் போனாள். அண்ணியின் கடைசி நாட்களில் சோறு ஊட்டினவளும் அவள்தான்.

அதனால் டிவி பிள்ளைகளைப் பிரிக்கிறது என்று யாராவது சொன்னால், நான் ஒத்துக்கொள்வதில்லை. நானும் ஒரு காலத்தில் அதைச் சொன்னவள்தான், சொன்னது தப்பு. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஆள் யார் என்று பாருங்கள். பார்த்து முடித்ததும் தரையில் விழத் தயாராக இருக்கிற ஆளா என்று பாருங்கள். பல் தேய்க்கிற யானையைப் பார்த்துவிட்டு யார் தரையில் விழ முடியும்? அதற்குத்தான் பழசு நல்லது என்கிறேன்.

எழுதி முடித்துவிட்டேன். இந்தா கண்ணு, நீ அவள் பெற்ற பெண், நீதான் இதைப் படிக்க வேண்டும். உன் அம்மாவை ஒரு காலத்தில் கொடுக்கிறதா வேண்டாமா என்று பேசினோம் என்பது இன்றைக்கு வரை அவளுக்குத் தெரியாது. அத்தை வீட்டுக்கு விருந்து போனதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அறுபது வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள், கருத்தில் கை வைக்காதே. முதலில் இருந்து படித்துக் காட்டு. சத்தமாகவே படி. உன் அம்மா சமையலறையில்தான் இருக்கிறாள்.