கப்பல் ஏறாமல் திரும்பிய மூன்று நாள்

தாலுகா அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றதும் எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. சென்னையில் ஏறி, மூன்று நாள் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் உல்லாசக் கப்பலில் போக வேண்டும். என் கணவர் வீட்டிலேயே தறி நெய்கிறவர். "உனக்கு ஆசன்னா போலாம்மா" என்றார்.

எங்கள் தெருமுனையில் இ-சேவை மையம் வைத்திருக்கும் பெண்தான் டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். என்னிடம் மின்னஞ்சல் இல்லாததால் அவளுடைய போன் நம்பரையும் மின்னஞ்சலையுமே போட்டாள். நான் அதைக் கவனிக்கவில்லை. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதில்தான் என் கவனம் இருந்தது. கிளம்பிய அன்று எதிர்வீட்டுக்காரி ஒரு டப்பா முறுக்கு கொடுத்து வழியனுப்பினாள்.

பஸ்ஸில் போகும்போது மையத்துப் பெண் இரண்டு முறை கூப்பிட்டாள். எல்லோரையும் போல வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று எண்ணி நான் எடுக்கவில்லை. துறைமுக வாசலில் விஷயம் தெரிந்தது. கடலில் எங்கோ புயல் உருவாகியிருக்கிறது, பயணம் ரத்து. காலையிலேயே எல்லோருக்கும் தகவல் அனுப்பிவிட்டார்களாம்.

"ஊருக்குத் திரும்பிடலாம்மா" என்றார் கணவர்.

"எந்த மூஞ்ச வெச்சிக்கினு போறது? நாளான்னிக்குப் போலாம்."

எழும்பூரில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். முறுக்கைத் தின்றுகொண்டு டிவி பார்த்தோம். தறியில் ஏற்றிய பாவு நூல் நெய்யாமல் அப்படியே கிடக்கிறதே என்று இரண்டொரு தடவை சொன்னார்.

திரும்பி வந்த மாலையே எங்கள் வாசலில் நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். சும்மா தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். நானோ நீச்சல் குளம் என்றேன், ஏழு மாடி என்றேன், விடிகாலையில் கடல் பால் மாதிரி இருந்தது என்றேன். பேசப் பேச எனக்கே நன்றாக வந்தது. என் கணவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"ஒரு போட்டோ கூடவா எடுக்கல?" என்று கேட்டாள் எதிர்வீட்டுக்காரி.

கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த மையத்துப் பெண், "அக்கா போன்ல சார்ஜே நிக்காது. போற அன்னிக்கே நான் கூப்புட்டேன், எடுக்கல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நல்லவேளை, இவள் விவரம் தெரியாதவள் என்று நான் உள்ளுக்குள் நினைத்தேன். அந்த நினைப்பை எண்ணினால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் மதியம், தெரு ஓய்ந்திருந்த நேரத்தில் அவள் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு போனை நீட்டினாள்.

"அக்கா, கப்பல் கம்பெனியிலருந்து மெசேஜ் வந்துக்கினே இருக்குது. பணமா திருப்பி வேணுமா, இல்ல ஒரு வருஷத்துக்குள்ள வேற ட்ரிப்புக்கு மாத்திக்கிறீங்களான்னு கேக்குறாங்க. மாத்திக்கினா பெரிய ரூம் தருவாங்களாம். இன்னிக்குள்ள சொல்லணும்."

அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் நேற்று என் நீச்சல் குளத்தையும் ஏழு மாடியையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் அந்த நிலையிலும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? மாற்றிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் ஒருமுறை போய்வந்துவிட்டால் சொன்னதெல்லாம் உண்மையாகிவிடும் என்று கணக்குப் போட்டது.

தறியில் இருந்தபடியே கணவர் சொன்னார்: "பணமாவே வாங்கிடும்மா. இன்னொரு வாட்டி லாட்ஜுல படுக்க என்னால ஆவாது."

லாட்ஜ் என்றது காதில் விழாதவள் போல அவள் பணத்துக்கான பட்டனை அழுத்திவிட்டுப் போனாள். சில வாரங்களில் முழுத் தொகையும் வங்கிக் கணக்குக்கு வந்தது. அதைச் சொல்லக்கூட நான் அவளிடம் போகவில்லை. ஆதார் நகல் எடுக்க வேண்டியிருந்தாலும் பஸ் நிலையத்துப் பக்கம் வேறு கடைக்கு நடந்தேன்.

ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டிய மாதம் வந்தது. வேறு இடங்களில் என் கைரேகை பதியவில்லை. கடைசியில் அவளிடமே போனேன். என் விரலைத் துணியால் துடைத்து, கருவியில் வைத்து மெதுவாக அழுத்தினாள்.

"எனக்காக நீ பொய் சொன்ன" என்றேன்.

"பொய் இல்லக்கா. சார்ஜ் நிக்காதுன்னேன், போன் எடுக்கலன்னேன். ரெண்டும் நெசந்தானே."

ஆமாம், அவள் பொய்யே சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அப்போது எதிர்வீட்டுக்காரி ஜெராக்ஸ் எடுக்க உள்ளே வந்தாள். அவள் உட்காருவதற்குள் சொல்லிவிட்டேன்.

"நாங்க கப்பல்ல போகவே இல்லமா. ரத்தாயிடுச்சி. மூணு நாளும் எழும்பூர்லதான் இருந்தோம்."

அவள் என்னையும் மையத்துப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ அந்த நீச்சல் குளம்?"

"டிவில பாத்தது."

"சரி" என்றாள். தாள்களை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சண்டை எதுவும் இல்லை. இப்போதும் பேசுகிறாள், பண்டிகைக்குப் பலகாரம் அனுப்புகிறாள். ஆனால் சந்தையில் கத்தரிக்காய் விலை என்னவென்று நான் சொன்னால்கூட, நம்புவதற்கு முன் ஒரு கணம் என் முகத்தைப் பார்க்கிறாள்.